வில்லுப்பாட்டுப் பதிவுகளும் கைவிட்டுப் போன கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஊர், கோயில், குழு, சமூக வலைத்தளம் ஆகியவற்றின் பெயர்களை இதில் தவிர்த்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். நாகர்கோவிலில் கணினிப் பணி செய்பவன் என்ற முறையில் 2024 ஜூன் மாதம், வில்லுப்பாட்டுப் பதிவுகள் இருந்த ஒரு சமூக வலைத்தளப் பக்கம் மோசடிக்காரர்கள் கைக்குப் போன இந்த விவகாரத்தில் உதவிக்கு அழைக்கப்பட்டேன். அதற்கு முன் நடந்தவை, அவர்கள் சொல்லியும் கைபேசிகளில் பார்த்தும் தெரிந்துகொண்டவை.

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் சித்திரை தொடங்கிவிட்டால் ஆவணி வரை ஏதாவது ஒரு கோயிலில் கொடை என்னும் திருவிழா நடந்துகொண்டே இருக்கும். திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் முழுக்கக் கொடை என்று போகும் முத்தாரம்மன் கோயில்களில் வில்லுப்பாட்டுக்குத் தனி இடம் உண்டு. வெறும் பொழுதுபோக்குக்காக அதை வைப்பதில்லை. புலவர் வீசுகோலை வில்லின் நாணில் தட்டிக் கதையை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். எந்தக் கதையை எந்த நேரத்தில் எவ்வளவு நீட்டிப் பாடுவது என்பது குழுவுக்குக் குழு மாறும். ஒரே முத்தாரம்மன் கதையை இரண்டு புலவர்கள் பாடக் கேட்டால் வரிகள் பாதிக்கு மேல் வேறாக இருக்கும்.

இந்த வேறுபாடுகளைக் குறித்துவைப்பதைப் பணி ஓய்வுக்குப் பின் ஒரு தமிழாசிரியர் வேலையாக எடுத்துக்கொண்டார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. மறு ஆண்டு கொடைக்காலத்தில் ஆசிரியரின் தங்கை மகன் தன் கைபேசியிலேயே ஒரு சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கி, பாட்டை நேரலையாகக் காட்டினார். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் இரவு வேலை முடிந்து வந்து பார்த்தார்கள். ஊரில் இருப்பவர்களைவிட அவர்கள்தான் அதிகம் பார்த்தார்கள் என்று ஆசிரியர் சொல்வார்.

2022 தொடக்கத்தில் மருமகனும் மஸ்கட் போய்விட்டார். பக்கத்தை ஊரில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் பார்த்துக்கொண்டார். கணக்கின் உரிமை மருமகன் பெயரில், அவருடைய பழைய நாகர்கோவில் எண்ணோடு அப்படியே இருந்தது.

கவனித்தவை

பக்கத்தில் இருந்த பொருளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: நேரலைக் காணொளிகள், பழைய படங்கள், அந்தப் படங்களின் கீழே மக்கள் எழுதியவை. இவற்றுள் கடைசி வகையை யாரும் ஒரு சொத்தாக நினைக்கவில்லை. 1970களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஆசிரியர் பதிவிட்டிருந்தார். கொட்டாம்பந்தலில் ஆறு பேர் கொண்ட குழு, நடுவில் வில். அவருக்குப் புலவர் பெயர் மட்டும்தான் தெரியும். படத்தின் கீழே ஒருவர், குடம் அடிப்பவர் தன் தாத்தா என்று எழுதினார். இன்னொருவர் உடுக்கைக்காரரின் ஊரைச் சொன்னார். மூன்றாமவர், இடப்பக்கம் பின்பாட்டுப் பாடும் பெண் பிற்பாடு தானே தனிக் குழு நடத்தியவர் என்று தெரிவித்தார். எந்த ஏட்டிலும் இல்லாத தகவல்கள் இவை.

நேரலைக் காணொளிகளுக்கு மூலப்பிரதி இல்லை. நேரலை முடிந்ததும் கைபேசியில் சேமிக்கவா என்று ஒரு கேள்வி வரும், நினைவகம் நிரம்பியிருக்கும், வேண்டாம் என்று அழுத்திவிடுவார்கள். அதுதான் வலைத்தளத்தில் இருக்கிறதே என்ற எண்ணம். வாடகை வீட்டில் கிணறு வெட்டுகிறவரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வெட்டுவார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் நடந்ததற்கு அதுதான் வழி விட்டது. இப்போதைய குழுக்கள் கும்மிப் பகுதியில் திரைப்பாட்டு மெட்டுகளைக் கலந்து பாடுவது சகஜம். கோயில் ஒலிபெருக்கியில் இடைவேளைக்குப் போடும் பாட்டும் நேரலையில் சேர்ந்து பதிவாகும். வலைத்தளத்தின் தானியங்கி ஒப்பீடு இவற்றைக் கண்டுபிடித்து, காப்புரிமை மீறல் என்று அறிவிப்பு அனுப்பி, அந்தப் பகுதியின் ஒலியை அடைத்துவிடும். அப்படிப்பட்ட அறிவிப்புகள் மாணவருக்குப் பழகிப்போயிருந்தன.

2024 ஜூன்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பக்கத்தின் உள்பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. பக்கம் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும் என்று அதில் இருந்தது. வலைத்தளத்தின் சின்னம், நிறம் எல்லாம் ஒத்திருந்தன. மாணவர் இணைப்பைத் தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்தார். அவரை ஏமாளி என்று சொல்ல மாட்டேன். உண்மையான அறிவிப்புகளைப் பல மாதங்களாகப் பார்த்துவந்தவருக்குப் பொய்யான ஒன்றின்மேல் சந்தேகம் வராதது இயல்பு. மோசடிக்காரர்கள் இந்தத் தூண்டிலைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இதுதான்.

விடிவதற்குள் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாற்றப்பட்டுவிட்டன. மீட்புக் குறியீடு கேட்டால், அது மருமகனின் பழைய எண்ணுக்குப் போனது. மஸ்கட் போன பிறகு அவர் அதற்கு ரீசார்ஜ் செய்யவில்லை. அந்த எண்ணை அழைத்தபோது வேறொரு பெண்மணி எடுத்தார். அதை வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றார். இதில் முறைகேடு ஏதுமில்லை. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் வரை வேறொருவருக்குத் தரப்படுவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன் பிறகு தரலாம், தருகிறார்கள்.

திங்கட்கிழமைக்குள் பக்கத்தில் கடன் செயலி விளம்பரங்கள் ஏறின. செவ்வாயன்று, மோசடி விளம்பரம் வெளியிட்டதற்காக வலைத்தளமே பக்கத்தை முடக்கியது. ஆக, வலைத்தளத்தின் பார்வையில் குற்றவாளி இந்தப் பக்கம்தான்.

முதல் முடிவு: கணக்குக்காக எவ்வளவு தூரம் போவது

ஆசிரியருக்குக் கோபம், மாணவருக்கு அழுகை. கணக்கை மீட்பதிலேயே முழு நேரத்தையும் செலவிட வேண்டும் என்று இருவரும் நினைத்தார்கள். நான் வேறு விதமாகச் சொன்னேன். புகார் தன் போக்கில் போகட்டும். அதற்கிடையில் பதிவுகள் வேறு எங்கெல்லாம் சிதறிக் கிடக்கின்றன என்று தேடுவோம், ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் கைபேசியை மாற்றிவிடுவார் அல்லது வாட்ஸ்அப் குழுவைச் சுத்தம் செய்துவிடுவார். வேலை இரண்டாகப் பிரிந்தது.

புகார் வழி இது. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021இன்படி ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதை அவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து, அன்றிருந்த விதிப்படி 15 நாளுக்குள் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பதிலில் நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியாகப் போகலாம். 2022 அக்டோபர் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது. எங்கள் வட்டாரத்தில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

புகாரை ஆசிரியர் கொடுக்க முடியாது, கணக்கு வைத்திருப்பவர்தான் கொடுக்க வேண்டும். மருமகன் கொடுத்தார். அடையாளச் சான்று கேட்டார்கள். கணக்கில் அவர் பெயர் முன்னெழுத்தோடு இருக்கிறது. கடவுச்சீட்டில் அந்த முன்னெழுத்து விரிந்து தந்தை பெயர் முழுதாக முன்னால் நிற்கிறது. இரண்டும் ஒருவரே என்று விளக்கிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. குறைதீர் அலுவலரிடமிருந்து வந்த பதில், விதிமீறலுக்காக நீக்கப்பட்டது சரியே என்ற ஒரே வரி. மேல்முறையீடு செய்தோம்.

மிச்சம் எங்கே இருந்தது

முதல் இரண்டு ஆண்டுகளின் படங்கள் மருமகனின் பழைய கைபேசியின் நினைவக அட்டையில் இருந்தன. அந்தக் கைபேசி அவர் தாயார் வீட்டு அலமாரியில், சாவிக்கொத்துகளோடு கிடந்தது. பார்வையாளர்களிடம் கேட்டபோது வளைகுடாவிலிருந்து துண்டு துண்டாகக் காணொளிகள் வந்தன. வாட்ஸ்அப் வழியாக வந்தவற்றில் படம் சுருங்கியிருந்தது, எடுத்த தேதி உதிர்ந்திருந்தது. எந்த ஊர்க் கொடை என்று பந்தல் துணியின் நிறத்தையும் பின்னால் தெரியும் கோபுர விளக்கையும் வைத்து ஆசிரியர் கண்டுபிடித்தார். திரையைப் பதிவுசெய்து வைத்திருந்த ஒருவரின் கோப்பில், பாட்டின் நடுவே அவர் மனைவி அனுப்பிய காய்கறிப் பட்டியல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதையும் வைத்துக்கொண்டோம்.

கோயில் கமிட்டிகளுக்காகப் படமெடுக்கும் ஸ்டூடியோக்காரர்களிடம் நல்ல தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். சீசன் முடிந்ததும் ஹார்ட் டிஸ்கை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கமிட்டித் தலைவர்கள் வீட்டில் டிவிடிகள் சில கிடைத்தன. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளை எடுத்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடினால், எங்கள் பக்கத்துக்கு அது எடுத்துவைத்திருந்த பிரதிகளில் உள்நுழைவுத் திரை மட்டுமே இருந்தது.

எதிர்பாராத வரவு ஒரு மூத்த புலவர் வீட்டிலிருந்து வந்தது. அவர் எந்தச் சமூக வலைத்தளத்திலும் இல்லாதவர். 1980களிலும் 90களிலும் பாடியவற்றை ஒலிநாடாக்களில் பதிவுசெய்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊர், மாதம், கதை என்று நீல மையில் எழுதி, பிஸ்கட் டின்னில் அடுக்கியிருந்தார். நாடாவில் சில இடங்களில் பூஞ்சை. பெரும்பகுதி ஓடியது. அவர் எழுதிவைத்த அந்த மூன்று விவரங்கள் எங்கள் எட்டாண்டுப் பதிவுகள் பெரும்பாலானவற்றுக்கு இல்லை.

சொந்த முகவரி: எடுத்த முடிவுகள்

இனி மூலம் எங்கள் கையில், பிரதி வலைத்தளங்களில் என்று தீர்மானித்தோம். பிறகுதான் இடத்துக்கும் செலவுக்கும் கணக்குப் போட்டோம். ஒரு இரவுப் பாட்டு ஆறு மணி நேரம். 1080 அளவில் நொடிக்கு 8 மெகாபிட் என்று காணொளி எடுத்தால் ஒரு மணிக்கு 3.6 ஜிபி, ஓர் இரவுக்கு 21 ஜிபிக்கு மேல். அதே பாட்டை 128 கிலோபிட் எம்பி3 ஒலியாக வைத்தால் ஓர் இரவு முழுக்க 350 எம்பிக்குள் அடங்கும். முழுக் காணொளியையும் சொந்த வழங்கியில் (சர்வரில்) வைத்தால் மாதச் செலவு ஆசிரியரின் ஓய்வூதியத்தைக் கடித்துவிடும்.

ஆகவே எங்கள் தளத்தில் ஒலி, எழுத்து, படம் மட்டும். முழுக் காணொளியின் மூலம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று ஆசிரியர் வீட்டில், மற்றது நாகர்கோவிலில். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கக் கூடாது. கடற்காற்றும் உப்பும் ஈரமும் சேர்ந்து இங்கே எந்தக் கருவியையும் சீக்கிரம் தின்றுவிடும். பொதுப் பார்வைக்கான காணொளிப் பிரதிகளை இணைய ஆவணக் காப்பகத்திலும் ஒரு காணொளித் தளத்திலும் ஏற்றி, அங்கே போகும் இணைப்பை எங்கள் பக்கத்தில் வைத்தோம். அவற்றில் ஒன்று மூடினாலும் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும். மக்கள் நினைவில் வைத்திருக்கும் முகவரி மாறாது.

மூடாது என்று நம்புவதற்கும் இடமில்லை. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2003 முதல் 2015 வரை மக்கள் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றியிருந்த இசைக்கோப்புகள் வழங்கி மாற்றத்தில் தொலைந்துபோனது 2019இல் தெரியவந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் டிக்டாக் ஒன்று. நம் மாவட்டத்திலேயே எத்தனை ஒயிலாட்டமும் களியலும் அதில் கிடந்தனவோ. இவற்றில் எதிலும் பயனர் தவறு ஏதும் செய்யவில்லை.

டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, ‘.இன்’ முடிவில் வாங்கினோம். யார் பெயரில் என்பதற்குத்தான் நெடுநேரம் பேச்சு. குழுவின் பெயரில் வாங்கலாம் என்றால் பதிவுபெற்ற சங்கம் இல்லை. மருமகன் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். “மாமா, ஒரு தடவை என் பெயரில் இருந்து பட்டது போதும்” என்றார். ஆசிரியர் பெயரில் ஐந்தாண்டுக்கு வாங்கி, இதற்கென்றே தனி மின்னஞ்சல் தொடங்கி, மீட்பு வழியாக இருவர் எண்களைக் கொடுத்தோம். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு குறுஞ்செய்தியில் வராமல் செயலியில் வரும்படி செய்தோம். அந்தச் செயலி கைவசம் இல்லாதபோது உள்ளே போக உதவும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வைத்தாயிற்று. சொந்த முகவரி என்று பெருமையாகச் சொன்னாலும் டொமைனும் ஆண்டுக் குத்தகைதான். கட்ட மறந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். சமூக வலைத்தளக் கணக்கிலிருந்து அதற்குள்ள வேறுபாடு, வழங்கி நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பெயரைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம் என்பதே.

தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தரவுத்தளம் இல்லாத சாதாரண எச்டிஎம்எல் கோப்பு. அழகு குறைவு. ஆனால் முழுத் தளத்தையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து எந்தக் கணினியிலும் திறக்கலாம். கோப்புப் பெயரில் தேதி, ஊர், கதை, குழு வரிசையாக வரும். புலவரின் பிஸ்கட் டின்னைப் பார்த்து வைத்த ஏற்பாடு. ஆசிரியரின் பழைய குறிப்புகள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்தன, அவற்றை யூனிகோடுக்கு மாற்றினோம்.

புலவர்களின் சம்மதம்

இது முன்பு யாரும் கேட்காத கேள்வி. நேரலையில் ஏற்றியபோது ஒருவரிடமும் அனுமதி வாங்கவில்லை. கொடை பொதுவானது, பாட்டும் பொதுவானது என்று இருந்துவிட்டார்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கு அவருடைய நிகழ்ச்சியின்மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது. சொந்தத் தளம் என்று வந்துவிட்டால் அதற்குப் பொறுப்பும் நாங்களே. எனவே குழுக்குழுவாகப் போய்க் கேட்டோம்.

பெரும்பாலானோர் மகிழ்ந்தார்கள். ஒரு புலவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், நீங்கள் போட்டது எனக்குத் தெரியும். யாரெல்லாம் பார்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். வரத்துப் பாடும் பகுதியை வெளியே போடக் கூடாது என்பது அவர் நிபந்தனை. கோயிலுக்கு வெளியே, நேரங்கெட்ட நேரத்தில், செருப்புப் போட்டுக்கொண்டு கேட்கிற பாட்டு அது இல்லை என்றார். சாமியாடிகளின் குடும்பங்கள் சிலவும் அருள் வந்த நிலையில் எடுத்த படங்களை நீக்கச் சொன்னார்கள். பழைய பக்கத்தில் அந்தப் படங்களுக்குத்தான் பார்வை அதிகம். ஆசிரியர் தயங்கவில்லை, நீக்கினார். வரத்துப் பகுதிகள் ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருக்கின்றன, குழுவின் வாரிசுகள் கேட்டால் தரப்படும். சம்மதக் கடிதம் ஒரே பக்கம், தமிழில். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியோடு.

பிறகு நடந்தவை

மேல்முறையீட்டில் எங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து, 2024 இறுதிக்குள் பக்கம் திரும்பக் கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நேரலைக் காணொளிகளை ஊடுருவியவர்கள் அழித்திருந்தார்கள். படங்கள் இருந்தன. அன்றே தரவுப் பதிவிறக்கம் கேட்டோம். வந்த ஜேசன் (JSON) வகைத் தரவுக் கோப்புகளில் தமிழ் முழுவதும் தலைக்குறி போட்ட இலத்தீன் எழுத்துகளாகச் சிதைந்திருந்தது. பயப்பட வேண்டியதில்லை, யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவின் பைட்டுகளை வேறு குறியீடாக எழுதியதால் வரும் கோளாறு, சிறு நிரலில் சரியாகிவிடும். சரியாகாதது வேறொன்று. தொகுப்பில் எங்கள் பதிவுகள் மட்டுமே இருந்தன. கீழே பிறர் எழுதிய மறுமொழிகள் அதில் இல்லை. அவற்றைப் படம் படமாகத் திறந்து மாணவரும் நண்பர்களும் கையால் நகலெடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் ஆறு பேரில் ஐந்து பேர் பெயர் இப்போது எங்கள் தளத்தில் படத்தின் கீழேயே இருக்கிறது, சொன்னவர் யார் என்பதும் அவர்கள் அனுமதியோடு.

பார்வையாளர் எண்ணிக்கை விழுந்தது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒரு கொடை நேரலைக்கு வந்த கூட்டத்தில் சிறு பகுதிகூட ஒரு மாதத்தில் தளத்துக்கு வருவதில்லை. பழைய பக்கத்தில் இப்போது சிறு துண்டுகளை இட்டு, முழுப் பாட்டுக்குத் தள முகவரி கொடுக்கிறோம்; இணைப்பு உள்ள பதிவுகள் குறைவானவர்களுக்கே காட்டப்படுகின்றன என்பது எங்கள் அனுபவம். வாட்ஸ்அப் குழுக்களில் முகவரியை அனுப்புவது அதைவிடப் பலன் தருகிறது. அதே சமயம், கதைகளின் வரிகளை எழுத்தாகப் போட்டதால் தேடுபொறி வழியாகப் புதியவர்கள் வருகிறார்கள். பழைய பக்கத்தில் மூன்று ஆண்டுக்கு முந்தைய பாட்டை எங்களாலேயே தேடி எடுக்க முடிந்ததில்லை.

2025 பிப்ரவரி 19 முதல் ஃபேஸ்புக் புதிய நேரலைக் காணொளிகளை 30 நாள் மட்டுமே வைத்திருக்கிறது, பிறகு நீக்கிவிடுகிறது. பக்கத்து ஊர்களில் கொடை நேரலை காட்டும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. அவர்களிடம் இதைச் சொல்லிப் பதிவிறக்கம் செய்யவைப்பது இந்த ஆண்டுக் கொடைக்காலத்தில் மாணவரின் வேலையாக இருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நேரலையையும் பதிவையும் ஒரே கைபேசியில் நடத்தக் கூடாது. இப்போது ஒரு கைபேசி நேரலைக்கு. புலவரின் அருகில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி மூலத்துக்கு. குடத்தின் ஓசை கைபேசியில் எப்போதும் உடைந்து கேட்கும், தனிக் கருவியில் அது முழுதாக விழுகிறது. இது சேமிப்புக்காகச் செய்த மாற்றத்தில் கிடைத்த உபரி.

பழைய எண்ணை மாற்றுகிறவர் முதலில் எந்தெந்தக் கணக்குகள் அதில் தொங்குகின்றன என்று பட்டியல் போட வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் போகும் வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் இதை விசா வேலைகளோடு சேர்த்தே செய்யலாம். தரவுப் பதிவிறக்கத்தைக் கணக்கு நன்றாக இருக்கும்போதே ஆடி, தை என இரு முறை எடுத்துவைக்கிறோம்.

தீராமல் நிற்பது வாரிசுக் கேள்வி. ஆசிரியருக்கு எழுபது கடந்துவிட்டது. மாணவர் படிப்பை முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒலிநாடா வைத்திருந்த புலவரின் மகள், தக்கலையில் ஆசிரியையாக இருப்பவர், கோப்புகளை ஏற்றக் கற்றுக்கொண்டு வருகிறார். மாற்றுக் குறியீடுகளின் இரண்டாவது தாள் அவரிடம் இருக்கிறது. டொமைன் புதுப்பிப்பு 2029இல் வரும். அதற்குள் சங்கமாகப் பதிவுசெய்து பெயரை அதற்கு மாற்ற விண்ணப்பம் தயாராகிறது. பொருளாளர் யார் என்பதில்தான் இன்னும் இழுபறி.